சிவந்த குழாய்

சம்பு செத்து இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் அவன் என் லேப் ஜன்னலை விட்டுப் போகவில்லை.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் போய் வேலையைப் பார் என்று விரட்டுகிற ஆள் நான். இந்த லேப் மரகதத்துக்கு வாய்க்கொழுப்பு என்று கேம்பல் பே ஊர் முழுக்கப் பேச்சு. ஆனாலும் ரத்தக் குழாய்களை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் வைத்து, மூன்று மணி நேரம் முடிகிற சமயத்தில், கம்பிக்கு வெளியே அந்த ஒன்பது வயதுக் குரல் கேட்கிறது.

"செவந்துச்சா, லேபம்மா?"

திரும்பிப் பார்ப்பேன். மழையும் பப்பாளி மரமும்தான் இருக்கும். பட்டப்பகலில், அரசாங்க லேபில், கையில் குழாயோடு நான் ஜன்னலுக்கு வெளியே தேடிக்கொண்டிருப்பேன்.

தலைநகர்த் தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் சிவனே என்று இருந்தவளை 1971இல் "ஆறு மாசம்தாம்மா" என்று கப்பலேற்றி கிரேட் நிக்கோபாருக்கு அனுப்பினார்கள். வருடம் மூன்று முடிந்துவிட்டது. இங்கே காட்டை வெட்டி முன்னாள் ராணுவக்காரர்களுக்கு நிலம் கொடுத்திருந்தார்கள். பஞ்சாபி, மராட்டி, தெலுங்கு, நம்மவர்கள் என்று கலந்து கட்டிய ஊர். நிலத்தோடு மலேரியாவும் கிடைத்தது. கப்பல் இருபது நாளைக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், எந்த வீட்டிலும் மீந்த மாத்திரையைத் தூக்கிப் போட மாட்டார்கள். இந்திக்காரர்களைப் பார்த்து எல்லோரும் அதைக் கோலி என்பார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து முழுங்குவார்கள். எத்தனை திட்டினாலும் கேட்கிற ஜென்மங்கள் இல்லை.

என் வேலையைச் சொன்னால்தான் சம்பு கதை புரியும். சிவப்பணுவுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. முழ நீளப் பெயரைச் சுருக்கி ஜி-சிக்ஸ்-பி-டி என்போம். அணு உடையாமல் காப்பது அதன் வேலை. சிலருக்கு, பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, அது தாய்வழியில் குறைவாக வரும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து திரும்பத் திரும்ப வராமலிருக்கப் பிரைமாக்வின் கொடுப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த மாத்திரைதான் எமன். அணுக்கள் உடைந்து மூத்திரம் கறுத்துவிடும்.

அந்தப் புரதம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நைட்ரைட் கலந்தால் ரத்தம் பழுப்பாகிவிடும். அதில் கொஞ்சம் குளுக்கோஸ், நீலச் சாயம் ஒரு சொட்டு, பிறகு மூன்று மணி நேரம் தொட்டியில். புரதம் சரியாக இருந்தால் ரத்தம் மறுபடி சிவக்கும், இல்லாவிட்டால் பழுப்பாகவே நிற்கும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பக்கத்துக் குழாயில் என் ரத்தத்தை வைப்பேன்.

சம்பு செத்த வருடம் எல்லோருக்கும் செய்ய ரசாயனம் பத்தவில்லை. சம்புவுக்கு மலேரியா வந்தபோது நேராகவே மாத்திரை கொடுத்தோம். மூன்றாம் நாள் மூத்திரம் கறுங்காப்பியாகப் போனது. டாக்டர் உடனே நிறுத்தினார். பிள்ளை பிழைத்துக்கொண்டான். பத்தாம் நாள் ரத்தம் எடுத்துச் சோதனை செய்தேன். மூன்று மணி நேரமும் அவன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். "செவந்துச்சா, செவந்துச்சா" என்று என் பிராணனை வாங்கினான். சிவந்தது. என் குழாய்க்கும் அவன் குழாய்க்கும் வித்தியாசமே இல்லை. "போடா, ராஜா ரத்தம்" என்றேன். அவன் அம்மா பொன்னம்மாவைக் கூப்பிட்டுக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். சீட்டில் ‘நார்மல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒன்றரை மாதத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. என் சீட்டைப் பார்த்துவிட்டு, போன தடவை மூத்திரம் கறுத்தது காய்ச்சலால்தான் என்று டாக்டர் தைரியமாகப் பிரைமாக்வினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஐந்தாம் நாள் சம்பு போய்விட்டான். காட்டுக் காய்ச்சல் ரத்தத்தை உடைத்துவிட்டது என்று எழுதினார்கள்.

அடுத்த வருடம் என்னை மெட்ராஸுக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வகுப்பில் ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார்கள்: மாத்திரையில் உடைவது வயதான அணுக்கள், அவற்றில்தான் புரதம் தேய்ந்து போயிருக்கும். மிஞ்சுவது இளசுகள், புதிதாய்ப் பிறந்தவை. அவற்றில் புரதம் இருக்கும். ரத்தம் உடைந்த கையோடு சோதித்தால் குழாய் சிவந்து பொய் சொல்லும். மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

நான் எழுந்து வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஊருக்குத் திரும்பி யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் பிள்ளை திரும்பி வருமா என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். பொய். வேலை போய்விடுமே என்ற பயம். அதைவிடப் பொன்னம்மாவின் முகத்தைப் பார்க்கிற பயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அதன் பிறகுதான் அவன் ஜன்னலுக்கு வர ஆரம்பித்தான்.

போன வாரம் சம்புவின் தம்பிக்குக் காய்ச்சல். ஏழு வயது, பெயர் உதயசூரியன். அந்தச் சின்னம் தேர்தலில் ஜெயித்த வருடம் பிறந்தவன். மாத்திரை எதுவும் கொடுப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்தேன். என் குழாய் சிவந்தது. அவனுடையது பழுப்பாகவே நின்றது. இரண்டு தடவை செய்து பார்த்தேன், அதே பழுப்பு. இவனுக்குக் கசப்பு மாத்திரையான குளோரோகுயின் மட்டும்தான், பிரைமாக்வின் கூடவே கூடாது என்று டாக்டரும் எழுதிவிட்டு, தெற்கே குடியிருப்புகளைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பொன்னம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றாள்.

"அந்தக் கசப்புக் கோலி மட்டும் போதாது லேபம்மா. அடுத்த மாசம் மறுபடி காச்சல் வரும். சம்புவுக்குக் குடுத்த அந்த இன்னொரு கோலி பாக்கி இருக்கு. நாளைலேருந்து குடுக்கச் சொல்லிட்டாரு எங்க வூட்டுக்காரரு. அரையா, முழுசா? அத மட்டும் சொல்லுங்க."

"தரவே கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அவன் ரத்தம் தாங்காது. குழாயைப் பாத்தேல்ல?"

"அண்ணன்காரனுக்கு நல்ல ரத்தம், தம்பிக்குக் கெட்ட ரத்தமா? ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே? கரண்டு போய்ப் போய் வருது. உங்க மருந்துதான் கெட்டுப் போயிருக்கும்."

"பாட்டிலை இப்படிக் குடு."

"எடுத்துக்கங்க. பக்கத்து சர்தார்ஜி வூட்ல கோலி இல்லியா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அறையலாமா என்றுகூடத் தோன்றியது. ஊரில் உள்ள அத்தனை பாட்டிலையும் நான் எங்கே போய்ப் பிடுங்குவது? அவள் சொன்னதில் தப்பும் இல்லை. அண்ணன் ரத்தம் நல்ல ரத்தம் என்று வெளிச்சத்தில் தூக்கிக் காட்டியவள் நான். நான் அந்தப் பொய்யை உடைக்காவிட்டால் நாளைக் காலை அவள் கையாலேயே இரண்டாவது பிள்ளையும் போய்விடும்.

"பொன்னம்மா, உக்காரு."

"அடுப்புல ஒல கொதிக்குது. ஜல்தி சொல்லுங்க."

"சம்பு ரத்தமும் பழுப்புதான்" என்றேன். "நான் சோதிச்ச நேரம் தப்பு. கெட்டதெல்லாம் முன்னாடியே உடைஞ்சுபோயி, புதுசா ஊறின ரத்தத்தை எடுத்து வச்சுக்கிட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். ஒன்றரை மாசத்துல அதுவும் பழசாயிடுச்சு. அப்போதான் மறுபடி மாத்திரை குடுத்தோம். காய்ச்சல்ல சாகல அவன். என் சீட்டாலதான் செத்தான். ஒரு வருஷமா எனக்கு இது தெரியும். உங்கிட்ட சொல்லல."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் நின்றேன்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கோலிதானா?"

"ஆமா."

"தம்பிக்குக் குடுத்தா?"

"அவனும் அப்படித்தான்."

மூடியைத் திறந்து கோலி எல்லாவற்றையும் என் மேஜை மேல் கொட்டினாள். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்து அதையும் வைத்தாள். உதயன் தப்பித்தான் என்று எனக்கு மூச்சு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நாலாம் நாளு சம்பு வாயத் தொறக்க மாட்டேன்னுட்டான்" என்றாள் மெதுவாக. "இதத் தின்னாத்தாம்மா எனக்கு என்னமோ பண்ணுதுன்னு அழுதான். லேபம்மாவே சொல்லிட்டாங்கடா, ராஜா ரத்தம்னு சொன்னேன். மூக்கப் புடிச்சேன். தொடையால கால அமுக்கிக்கினு, கோலியப் போட்டு தண்ணிய ஊத்துனேன்."

நான் அவள் தோளைத் தொடப் போனேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னக் கொல்லப் போறியாம்மான்னு கேட்டான். நான் சிரிச்சேன், லேபம்மா."