கோட்டுக்கு மேலே ஒரு சாம்பல் படம்

அளவுகோல் இல்லாமல் தெயோஃபீல் லாவர்ஸ் கண்காட்சிக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அந்த நீண்ட கோலில் கண்மட்டத்துக்கு ஒரு வெட்டு உண்டு. கெண்ட் நகர ஓவியர் சங்கத்தின் செயலாளராக இருபத்திரண்டு ஆண்டுகள், கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில், அந்த வெட்டைச் சுவரோடு வைத்துச் சுண்ணக்கட்டியால் அவர் கோடு இழுத்துவந்தார். பெயர் பெற்றவர்களின் படங்கள் கோட்டுக்கு நேராகக் கண்மட்டத்தில் அமரும். அறிமுகம் இல்லாதவர்களின் படங்கள் மேலே ஏறி ஏறிக் கூரையோரத்து இருட்டில் போய் முடியும். அவர் தாமே தீட்டிய பழுப்பு மாடுகள் ஆண்டுதோறும் ஒரே புல்வெளியில் மேய்ந்தன. கோட்டைவிட்டு ஒருமுறைகூட நகர்ந்ததில்லை.

அந்த ஆண்டு அவருக்கு எல்லாமே அலுத்திருந்தது. சனவரியில் மனைவி கொலெத்தா இறந்துபோனாள். முழங்கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. நானூறு படங்களை மாட்டச் செய்தார். பாதியை ஏறிட்டும் பார்க்கவில்லை. "சாம்பல் நிறம், புது ஆள், வாசலுக்கு மேலே" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடுவார்.

திறப்புக்கு முந்தைய நாள் மெருகுநாள். ஓவியர்கள் வந்து, தத்தம் படங்களுக்குக் கடைசியாக மெருகெண்ணெய் பூசிக்கொள்ளும் நாள். கோடெலீவ் என்ற இளம்பெண் கையில் மெருகுக் குப்பியுடன் வாசலுக்குக் கீழே நின்று, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள்.

"அது என் படமாங்க? இங்கேருந்து பாத்தா செவுத்துல ஓதம் ஏறுன மாதிரி இருக்கு."

ஏணியைத் தோளில் சுமந்து வந்த தச்சன் பிரோஸ்பர் சிரித்தான். "கவலப்படாதம்மா. அவ்ளோ ஒசரத்துல சாமி நல்லாப் பாப்பாரு."

"சாமி பாத்து என்ன பண்ண? நாளைக்கு எங்கப்பா ஆல்ஸ்ட்லேருந்து ரயிலேறி வர்றாரு. ஆளுங்க கண்ணு படுற எடத்துல படம் இருந்தா வரைஞ்சிட்டு இரு, இல்லன்னா பெட்டியக் கட்டிட்டு நூல்கடைக்கு வந்துடுன்னு சொல்லிட்டாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

லாவர்ஸ் கோலை ஊன்றிக்கொண்டார். "ஒருத்தருக்கு எறக்குனா நானூறு பேரும் வந்து நிப்பாங்கம்மா. கோடுன்னா கோடுதான்."

"சரிங்கய்யா. ஏணியையாவது குடுங்க, மெருகு பூசணும்."

"பொம்பளைங்க ஏணி ஏறக் கூடாது. சங்கத்து விதி."

"அப்ப இவர பூசச் சொல்லுங்க."

"நானா!" என்றான் பிரோஸ்பர். "தச்சன் தூரிகையத் தொட்டா அபராதம். மெருகில்லாம ஒரு படமும் திறப்புக்குப் போகக் கூடாது, அதுவும் விதி. எல்லாம் ஐயா எழுதுனதுதான். ஒரு கதை இருக்குங்கய்யா. ஒரு நரி வேற யாரும் நொழையக் கூடாதுன்னு தன் வளைக்கு மூணு கதவு போட்டுச்சாம். மழை வந்தப்ப வெளிய நனைஞ்சிட்டு நின்னது அந்த நரிதான்."

லாவர்ஸ் கோலைச் சுவரில் சாய்த்தார். குப்பியையும் தூரிகையையும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

எண்ணெய் காய்ந்து, படத்தின் இருண்ட நிறங்கள் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தன. தூரிகை போன வழியில் அவை ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. முதலில் ஒரு விளக்கு. பிறகு மேசை, அதன்மேல் இரண்டு தட்டுகள். ஒரு தட்டின் பின்னால் ஒரு பெண். மற்றதன் பின்னால் வெறும் நாற்காலி. தூரிகை கீழே இறங்கியபோது, கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓசையின்றி உள்ளே வந்திருப்பது தெரிந்தது. அது அவளுடைய கணுக்கால்வரை ஏறியிருந்தது. அவள் கால்களைத் தூக்கவில்லை.

அவர் கை நின்றது. செவ்வாயும் வெள்ளியும் சங்கக் கூட்டம் முடிந்து அவர் வீடு திரும்பும்போது சூப் ஆறியிருக்கும். "இப்பதாங்க உக்காந்தேன்" என்பாள் கொலெத்தா. இருபத்திரண்டு ஆண்டுகளாக இப்போதுதான் உட்கார்ந்தவள். நோயில் கிடந்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: காலுக்கு இன்னொரு கம்பளி.

"ஐயா, அந்த மூலைய விட்டுட்டீங்க," என்றாள் கோடெலீவ் கீழிருந்து.

"தண்ணி இவ்ளோ வந்துடுச்சே. இந்தப் பொண்ணு ஏம்மா எந்திரிக்கல?"

"எந்திரிச்சுப் போயிட்டா, வர்றவருக்கு யாருங்க வெளக்குக் காட்டுறது?"

அவர் மூலையையும் பூசி முடித்தார். இறங்கி வந்து கடைசிப் படியிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். களைப்பு குறையவில்லை, ஆனால் இன்னதால்தான் களைத்தோம் என்பது இப்போது தெரிந்தது. பிறகு எழுந்து எதிர்ச் சுவருக்குப் போனார்.

"பிரோஸ்பர், இந்த மாடுங்கள எறக்கு."

"எங்கங்கய்யா மாட்டறது?"

"வாசலுக்கு மேல."

"அங்க புல்லு கம்மி," என்றான் பிரோஸ்பர். ஆனாலும் சட்டென்று ஏணியைத் திருப்பினான்.

கோடெலீவ் குழம்பிப் போனாள். "கோடுன்னு சொன்னீங்களே ஐயா..."

"பாக்காமயே மாட்டிட்டேன்ம்மா. தப்பு என்னோடது. நாளைக்கு உங்கப்பா வர்றப்ப, அதை அவர்கிட்ட நானே சொல்றேன்."

மெருகு ஈரம் கலையாமல், சட்டத்தின் ஓரங்களை மட்டும் பிடித்து மூவருமாகப் படத்தை இறக்கினார்கள். மாடுகள் இருந்த இடத்தில் அதை மாட்டியதும் லாவர்ஸ் கோலைச் சுவரோடு வைத்தார். படத்திலிருந்த பெண்ணின் கண்கள் வெட்டுக்கு நேராக வரவில்லை. ஆணியைப் பிடுங்கி விரலளவு கீழே அடிக்கச் சொன்னார். மீண்டும் அளந்து பார்த்துவிட்டு, இன்னொருமுறை பிடுங்கச் சொன்னார்.