கூடுதல் நாற்பது நிமிடம்

கள்ளக்குறிச்சிக் கொட்டகையில் எந்தப் படம் ஓடினாலும் தமிழ்ப்ரியாவுக்கு மட்டும் அது நாற்பது நிமிடம் கூடுதலாக ஓடியது. விளக்கு போட்டு, கூட்டம் கலைந்து, வண்டிகள் போன பிறகும் அவள் வெள்ளைத் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். சில நாள் அழுவாள். கல்வராயன் மலையில் தினைக்கொல்லைக் கிளிகளை விரட்டி வளர்ந்தவள், பிறகு தமிழ் எம்.ஏ. படித்தவள். சங்கப் பாடல்களைப் படித்ததிலிருந்து இப்படித்தான் என்றாள். படத்தில் நாயகன் ஊருக்குப் போகிறேன் என்று ஒரு வரி சொல்லிப் போனால், அவன் கடக்கும் வறண்ட காடு முழுவதும் அவளுக்குத் தெரியும். சர்க்கரை ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அவள் கணவன் தமிழ்வேந்தன் பக்கத்து நாற்காலியில் கைப்பேசியைப் பார்த்தபடி காத்திருப்பான்.

கொட்டகை பெருக்கும் அய்யப்பன் முதல் மாதம் சண்டை போட்டான்.

"இன்னாக்கா, திரை வெள்ளையாத்தான கீது? எழுந்திருக்கா."

"உனக்கு வெள்ள. எனக்கு மழ பேஞ்சிக்கினு இருக்குது. இருடா."

"நீயாச்சும் சொல்லேண்ணே."

"நானும் கல்யாணத்துலேர்ந்து சொல்லிக்கினுதான் கீறேன்" என்றான் தமிழ்வேந்தன்.

பிறகு அய்யப்பன் அவளைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டான்.

திரும்பும் பேருந்தில் மூங்கில்துறைப்பட்டு வரும்வரை அந்த நாற்பது நிமிடத்தைக் கணவனுக்குச் சொல்வாள். நீயே படியேன் என்று புத்தகங்களை நீட்டியபோது, "சினிமா பாக்கவும் பரிட்சையா?" என்றான். சென்ற ஆடியில் ஒரு படம் முடிந்த பிறகு கண்ணீர் வழியச் சிரித்தாள். அன்று பேருந்தில் நெரிசல். அவள் முன்னால் பெண்கள் பக்கம், அவன் பின்னால். களைப்பாக இருக்கிறது, காலையில் சொல்கிறேன் என்றாள். காலையில் எழவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக மருத்துவர் எழுதினார்.

அவள் கடைசியாக என்ன பார்த்தாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதே படத்தைக் கைப்பேசியில் போட்டான். இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம். ஒரு நொடி கூடவில்லை. அவள் புத்தகங்களை எடுத்தான். மலைக்காரிக்கு மலைப் பாட்டுதானே என்று குறிஞ்சித் திணையை மட்டும் உரையோடு எட்டு மாதம் படித்தான். பிரிவுப் பாடல்கள் வந்த பக்கங்களை ரப்பர் பேண்டு போட்டு மூடினான். புதுப்படம் வராத ஒரு வாரம் கொட்டகையில் அந்தப் படத்தையே மறுபடி போட்டார்கள். வெள்ளிக்கிழமை போனான். கூடுதலாகக் கிடைத்தது கொஞ்சம் தேன் வாசனை. வியாழனோடு படத்தைத் தூக்குகிறார்கள் என்றான் அய்யப்பன்.

மறுநாள் மலையேறி, அவள் எந்தப் பாட்டைப் படிப்பாள் என்று மாமனார் கரியனிடம் கேட்டான்.

"அது எந்நேரமும் பிரிவுப் பாட்டத்தான் படிச்சிக்கினு இருக்கும், மாப்ளே. கூட ஆள் இருக்கறவங்களாலதான் அத்தப் படிக்க முடியும்னு சொல்லும்."

ரப்பர் பேண்டை அவிழ்த்தான். நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. வியாழன் காலைக் காட்சியில் கூட்டம் போன பிறகும் அவனுக்குத் திரை அணையவில்லை. மழைக்காலத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று போன கணவனுக்காக நாயகி வாசலில் நின்றாள். மழை வந்தது, அவன் வரவில்லை. இது மழையே இல்லை, மாடியில் யாரோ போர்வை பிழிகிறார்கள் என்று தோழி கூசாமல் பொய் சொன்னாள். தமிழ்வேந்தன் வாய்விட்டுச் சிரித்தான். எட்டு மாதத்தில் முதல் தடவை. நாற்பதாவது நிமிடத்தில் தெரு முனையில் பேருந்து நின்றது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தான். நாயகன் இறங்கினான். நாயகி ஓடி வந்தாள். தமிழ்ப்ரியா எங்கும் இல்லை. அது படம் மட்டும்தான்.

நல்ல படம். அதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த வாரமும் காலைக் காட்சிக்குப் போனான். அதற்கடுத்த வாரமும். வைகாசியிலிருந்து கொட்டகைக்காரர்கள் அதற்கடுத்த மதியக் காட்சியை நாற்பது நிமிடம் தள்ளி வைத்தார்கள். சுவரொட்டியில் நேரத்தை மட்டும் மாற்றி ஒட்டினார்கள். ஊரில் யாரும் காரணம் கேட்கவில்லை.