ஒரு புள்ளிக்காரன்

நடந்தது இந்த வரிசையில்தானா என்று தாவீதுக்கே இப்போது சந்தேகம். வருஷம் எழுபத்திரண்டு என்கிறான், எழுபத்துமூன்றாகவும் இருக்கலாம். சுப்பராயன் குனிந்து பந்தை எடுத்ததை மட்டும் கண்ணால் பார்த்தான். அதில் மாற்றமில்லை.

கவரைப்பேட்டையில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான விடுதி அது. வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்த தாவீதும், பட்டறையில் இரும்புத்தகடு முதுகில் சாய்ந்த சுப்பராயனும் அடுத்தடுத்த கட்டில். சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆட டாக்டர் ஸம்பத்குமார் ஓர் அணி சேர்த்தார். ஒவ்வொருவரையும் மேஜையில் உட்கார வைத்துச் சோதித்து, உடம்பில் மிஞ்சிய பலத்துக்குப் புள்ளி போட்டார். இடுப்பு ஓரளவு வேலை செய்பவனுக்கு மூன்று. விலாவுக்குக் கீழே ஒன்றுமே இல்லாதவனுக்கு ஒன்று. நடுவில் இருப்பவனுக்கு இரண்டு. களத்தில் இறங்கும் ஐவரின் புள்ளி பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. நால்வருக்கே பதினொன்று ஆகிவிட்டது. மிச்சம் ஓரிடம், ஒரு புள்ளிக்காரனுக்கு. அப்படி இருந்தவர்கள் தாவீதும் சுப்பராயனும்தான்.

மெட்ராஸ் ஆட்டத்துக்கு டாக்டர் சுப்பராயனை எடுத்தார்.

அன்றிலிருந்து தாவீது அவனைக் கவனித்தான். சாப்பிடும்போது கவனித்தான். தும்மும்போதும் கவனித்தான். ஒரு புள்ளிக்காரன் தும்மினால் முன்னால் சாய வேண்டும். சுப்பராயன் சாயவில்லை.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன் மாரி பாத்துக்கினே கீற?”

“ஒண்ணுமில்லண்ணா.”

ஒரு சாயங்காலம் பயிற்சியில், உருண்ட பந்தைச் சுப்பராயன் இரண்டு கையாலும் குனிந்து எடுத்தான். எதையும் பிடிக்காமல் நிமிர்ந்தான். மேஜையில் இதையே செய்யச் சொன்னபோது மூட்டை மாதிரி டாக்டர் மேல் சரிந்தவன்!

“சார், அண்ணன் மேஜையில நடிச்சிட்டாரு” என்று தாவீது டாக்டரிடம் சொன்னான்.

மறுநாள் டாக்டர் எல்லோர் முன்னாலும் சுப்பராயனைக் குனிந்து நிமிரச் சொன்னார். நிமிர்ந்தான். டாக்டர் அவன் சட்டையைத் தூக்கினார். உள்ளே, பட்டறை மெஷினின் ரப்பர் பெல்ட் துண்டு ஒன்று வயிற்றையும் நாற்காலி முதுகையும் சேர்த்து இறுக்கியிருந்தது; குனிந்தால் அதுவே இழுத்து நிமிர்த்தும். அவிழ்த்ததும் சுப்பராயன் தன் முழங்கால் மேலேயே மடிந்து விழுந்தான். நாற்காலிக் கம்பி அழுந்திய இடத்தில், முதுகுச் சதை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது. ஆயா ரோசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எத்தனை நாளா கட்டறீங்க?”

“டீம்ல சேத்த நாள்லேர்ந்து சார். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும். கட்டிக்கினா ரெண்டு கையும் ஃப்ரீ. இன்னா, புண்ணா? வலிக்கவே இல்லியே.”

டாக்டர் புண்ணைத் துணியால் மூடினார். பிறகு, “நான் போட்ட புள்ளி சரிதான். ஆனா புண் ஆறற வரைக்கும் இவர் உட்காரக் கூடாது” என்றார்.

குப்புறப் போட்டுத் தூக்கிப் போகையில் சுப்பராயன் தலையைத் திருப்பினான். “எடம் ஓணும்னா கேட்டிருக்கலாமே நைனா.”

அது குத்தலா, பிரியமா என்று தாவீதுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மெட்ராஸில் தாவீது ஆடினான், அணி தோற்றது. சுப்பராயன் ஏழு மாதம் குப்புறக் கிடந்தான். புண் ஆறி, ஆரம்பாக்கத்தில் மைத்துனன் வீட்டில் ரேடியோ பழுது பார்த்தான். எழுபத்தெட்டில் சிறுநீரகம் கெட்டு இறந்தான். டாக்டர் திருவள்ளூரில் சொந்த டிஸ்பென்சரி வைத்தார். ரோசம்மாள் வேலையை விட்டு மகளோடு போய்விட்டாள். அணி கலைந்தது. தாவீது அதே விடுதியில், அதே கட்டிலில் இருக்கிறான்.