பதினான்கு கணினிக்கு ஒரு டிஸ்க்

என் கணவர் ஓர் அச்சகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்டார். அங்கே பதினான்கு கணினிகள். அவற்றை இயக்கும் ஓ.எஸ். மென்பொருளை ஏற்றுவதற்கு முதலாளி கடையில் வாங்கியது ஒரே ஒரு டிஸ்க். ஒரு டிஸ்க்கின் உரிமம் ஒரு கணினிக்குத்தான் என்று இவர் எடுத்துச் சொல்லியிருக்கிறார். "சுத்தியல் வாங்கினா ஒரு ஆணிதான் அடிக்கணுமா?" என்றாராம் முதலாளி. இவரும் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். பிறகு எல்லாவற்றிலும் அதையே போட்டார். உரிம எண் அவருக்கு மனப்பாடம். குளிக்கும்போது அதை ராகம் போட்டுப் பாடுவார்.

உரிமம் சோதிப்பவர்கள் வந்தார்கள். எந்தக் கணினியைத் திறந்தாலும் ஒரே எண். முதலாளி கையை விரித்துவிட்டார். இவன்தான் எங்கிருந்தோ திருட்டு நகல் கொண்டுவந்து தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டான் என்றார். இவரை அன்றே அனுப்பிவிட்டார்கள். இழுப்பறையில் கிடந்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக் கொடுத்ததில் அந்த டிஸ்க்கும் வீட்டுக்கு வந்தது.

வெளியில் பேசியதை இவர் தாங்கிக்கொண்டார். வீட்டில் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. என் மாமனார் நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருடன் என்று ஒரு தடவை சொன்னார்; அதோடு மகனிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பாட்டு மேசையில் உப்பு இவர் கையருகே இருக்கும். "அதை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லும்மா" என்று மாமா என்னிடம் சொல்வார். இவரோ நானோ விளக்க வாயெடுத்தால் தட்டோடு எழுந்து போய்விடுவார். ஒரு வருடம் இப்படியே போனது. ஒரு நாள் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவ்வளவுதான்.

முதலாளி துக்கம் கேட்க வந்தார். தங்கமான பையன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா எதிர் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொடுத்ததும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். இன்னொரு கிளை திறக்கிறாராம். அவர்களுடைய பழைய மென்பொருள் புது ஓ.எஸ்.ஸில் ஓடாதாம்.

"அந்த டிஸ்க் இங்கதானேம்மா இருக்கு?"

"எந்த டிஸ்க்?"

"நான் வாங்கிக் குடுத்ததுதான். எல்லா மிஷின்லயும் போடச் சொன்னேனே, அது."

தான் முன்பு சொன்ன பொய்யே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் சார். அவர்கிட்ட சத்தமாச் சொல்லுங்க" என்றேன்.

பெரியவரின் சம்மதம் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் பக்கம் திரும்பி ஒரு சொல் விடாமல் அதையே உரக்கச் சொன்னார்.

மாமா நிமிர்ந்தார். முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அப்போ அவன் திருடலையாம்மா?"

டிஸ்க்கைத் தர மாட்டேன் என்று முதலாளியை முதலில் அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மாமா மறுபடியும் அதையே கேட்டார்.

"ஒரு வருஷம் உங்க எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிட்டாரு மாமா" என்றேன். "அவரையே கேட்டிருக்கலாம்."