நாலு மாத்திரையின் விலை

தேவதர்ஷினியின் படிவத்தில் ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று மலை ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் இருவரும் ஒரே மாலைநேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. சென்னையிலிருந்து வந்த ஜெயசுதா மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாத வேலைக்கு எடுத்தார். அவர் வைத்தியம் பார்க்கிறவர் இல்லை. மருந்து விலையை ஆராய்கிற பொருளாதார நிபுணர். அரசு ஒரு மாத்திரைக்கு உச்ச விலை வைத்தால், அது கடைசி ஊர்க் கடை வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. கடை கடையாகப் போய் இருபது மருந்துகளின் விலையை எழுதி வருவது எங்கள் வேலை. மாதம் முடிந்ததும் எங்களில் ஒருத்தியை மட்டும் ஒரு வருட வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

நான் ஒவ்வொரு விலையையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். அப்படியும் வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வரும். மறுநாள் காலையில் திரும்பவும் அதே கடை வாசலில் நிற்பேன். நைனார்பாளையத்தில் ஒரு கடைக்காரர் என்னை முக்கால் மணி நேரம் காக்க வைத்தார். அதே ஆள் தேவதர்ஷினிக்கு ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, மொத்த வியாபாரப் பில்லையே எடுத்துக் காட்டினாராம். மேடம் அதை எல்லார் முன்னாலும் பாராட்டினார். என் படிவங்களைப் புரட்டிவிட்டு, "நீட்டா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல் இரண்டு நாள் உறுத்தியது.

கடைசி வாரம், ஒருவர் போன கடையை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கச் சொன்னார். தேவதர்ஷினியின் வெள்ளிமலைக் கடை எனக்கு வந்தது. நான் எழுதி முடிக்கும் வரை அவள் படிவத்தைப் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்த்தேன். பத்து பிரஷர் மாத்திரை உள்ள அட்டை, ஐம்பது ரூபாய். குறிப்பு எழுதும் இடம் காலி. மலைக்குக் கீழே எல்லாக் கடையிலும் அது இருபத்தெட்டு. இவள் கடைக்கே போகாமல் எழுதிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

வெள்ளிமலைக் கடைக்காரர் என் ஃபைலையும் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டையும் பார்த்தார். "அட்டை இருபத்தெட்டுங்க. அதுலயே போட்டுக்கீது பாருங்க."

பார்த்தேன். போட்டோ எடுத்தேன். இருபத்தெட்டு என்று எழுதியபோது மேடத்திடம் என்ன சொல்வது என்பதுகூட மனதில் தயாராகிவிட்டது.

பஸ் வர நேரம் இருந்ததால் கடை ஓரமாகவே நின்றேன். தினை வயலில் களை வெட்டிவிட்டு வந்த ஓர் அம்மாள், "நாலு பிரஷர் மாத்திரை குடு" என்றார். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையில் நாலை வெட்டிக் கொடுத்து இருபது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"ஏம்மா, முழு அட்டையா வாங்கினா கம்மியாச்சே?" என்று அவரிடம் கேட்டேன்.

"கூலிய வாங்கிக்கினு நேரா வரேன். அரிசி வாங்கணும், எண்ண வாங்கணும். மொத்தமா வாங்க நான் இன்னா டீச்சரா?"

"ஆஸ்பத்திரியில சும்மாவே குடுக்கறாங்களே?"

"குடுக்கறாங்க. வரிசையில போய் நின்னா அன்னிக்குக் கூலிய நீ குடுக்கறியா?"

அவர் கையிலிருந்த அட்டைத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். விலை அச்சடித்த ஓரம் கடையிலேயே தங்கிவிட்டது.

தேவதர்ஷினிக்குப் போன் போட்டேன். "ஐம்பதுன்னு எப்பிடிடி போட்ட?"

"அங்க எவடி அட்டையா வாங்கறா? நானும் நாலு வாங்கினேன். அதையே பத்துக்குக் கணக்கு பண்ணேன்."

"அத குறிப்புல எழுத மாட்டியா?"

"எழுதலியா? ஐயோ. நீயே எழுதிடு கலை. உனுக்குத்தான் பொறும ஜாஸ்தி."

எழுதாமல் விட்டாலும் நான் பொய் சொன்னதாக ஆகாது. படிவம் கேட்டது அட்டை விலை. கடைக்காரர் சொன்னதும் அட்டை விலை. அவளுடைய ஐம்பது தானாகவே பொய்யாகிவிடும். எழுதினாலும் எனக்கு நஷ்டமில்லை. கண்டுபிடித்தது நான்தான் என்று மேடம் நினைத்துக்கொள்வார். எழுதினேன். யார் முதலில் கண்டது என்பதை எழுதவில்லை.

மறுநாள் மேடம் அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "கலையரசி, இந்தக் கேள்விய நம்ம படிவமே கேக்கல. விலைக் கட்டுப்பாடு அட்டையோட நின்னுடுது. வெட்டி வாங்கறவங்ககிட்ட போகவே இல்ல. இது நீங்க கண்டதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தேவதர்ஷினி முந்திக்கொண்டாள். "ஆமா மேடம், கலைதான். நான் எழுதவே மறந்துட்டேன்."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருக்குக் கடலை நீட்டுவதுபோல அதை எனக்கு நீட்டினாள். அதுதான் தாங்கவில்லை. வருடம் பூராவும் அவள் கொடுத்த வேலையைப் பார்க்க வேண்டுமா?

"இல்ல மேடம். அவதான் மொதல்ல கண்டா. அவ பொய் எழுதியிருக்கான்னு புடிக்கத்தான் நான் போனேன். அவ படிவத்தையும் முன்னாடியே பாத்துட்டேன்."

மேடம் பேனாவை மூடித் திறந்து கொண்டிருந்தார். வேலை தேவதர்ஷினிக்குப் போனது.

படி இறங்கும்போது அவள் என் முதுகில் தட்டினாள். "புடிக்கத்தான் மல ஏறினியா? லூசு!" சிரித்து முடித்துவிட்டு, "புதுப் படிவத்துல ஒரு மாத்திரை விலைக்குத் தனியா கட்டம் போடணுமாம். எங்க போடறதுன்னே தெரியலடி. நீ இன்னா சொல்ற?" என்றாள்.

அட்டை விலைக்கு முன்னால் போட வேண்டும். எத்தனை வாங்கினார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். அது எனக்கு உடனே தெரிந்தது.

"யோசிச்சு சொல்றேன்" என்றேன்.