உள்ளே ஆள் இருக்கு

மா கி-தோக் சாத்தூருக்கு வருகிறார் என்று கேட்டபோது ஹர்ஷினி முதலில் நம்பவில்லை. கொரியாவில் அவர் தெருவில் இறங்கி நடந்தால் கூட்டம் விலகி நின்று தலை தாழ்த்தும். அப்பேர்ப்பட்ட நடிகருக்கு இந்தக் கரிசல் காட்டில் என்ன வேலை?

வேலை இருந்தது. பட்டாசு வாங்க வந்த ஒரு கொரிய வியாபாரி, வெடி விபத்தில் சிக்கிச் சாகிற கதை. தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடந்த நேரத்தில், பாழடைந்த தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தில் ஆர்டர் பார்த்துக்கொண்டே, தொடர்களைப் பார்த்துப் பார்த்துக் கொரிய மொழி கற்றிருந்த ஹர்ஷினியை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்.

அவருடைய வாழ்க்கை அவளுக்கு அத்துப்படி. பூசான் துறைமுகத்தில் மீன்பெட்டி சுமந்த பையன், நாடகக் கொட்டகையில் திரை இழுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு உள்ளே போனவன், அப்புறம் வெளியே வரவேயில்லை. பகலெல்லாம் பார்சல் வண்டி ஓட்டுவார். சாயங்காலம் நாலு வரிசை நாற்காலி மட்டுமே போட்ட சின்ன அரங்கில் ராஜாவாக, குடிகாரனாக, பிணமாக நடிப்பார். முப்பது வருடம் இப்படியே ஓடியது. தலை நரைத்த பிறகு ஒரு தொடரில் பேசாத அப்பா வேடம் கிடைத்தது. மகன் ஊட்டிவிடும் கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே உயிரை விடுவார். அந்தக் காட்சியோடு நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் சாகிற வேடம்தான். அவரைப்போலச் சாகத் தெரிந்த நடிகர் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின.

நேரில் பார்த்தால் அடக்கமான மனிதர். வெயிலில் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, துணை நடிகர்களாக வந்திருந்த பெண்களோடு உட்கார்ந்து சேவு தின்றார். அவர்கள் எல்லாருமே பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள். பெண்களை வரிசையில் நிறுத்துகிற வேலையும் ஹர்ஷினி தலையில்தான் விழுந்தது; அவர்களில் சின்னத்தாய் என்பவளை முன்வரிசையில் நிறுத்தினாள். முகம் களையாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கிருந்த ஒரு கொட்டகையின் வாசலில் எரிவாயுக் குழாய் வைத்து நெருப்பு வரவழைப்பார்கள். உள்ளே மா கி-தோக் விழுந்து கிடப்பார். குறுக்கே கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அவ்வளவுதான். அவர் மட்டும் ஒத்திகையில் வாயைத் திறக்கவில்லை. குரலை நிஜக் காட்சிக்கென்று சேர்த்து வைப்பது அவருடைய நாடகக்காலத்துப் பழக்கம்.

நிஜக் காட்சி தொடங்கியது. புகை எழுந்தது. நெருப்பு வாசலை மறைத்தது. உள்ளேயிருந்து அவர் கத்தினார்.

அதில் மொழியே இல்லை. கொரிய மொழியும் இல்லை, எந்த மொழியும் இல்லை. அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு ஓலம். பெண்களின் அழுகை பட்டென்று நின்றுவிட்டது.

"உள்ள ஆளு இருக்கு! ஏ, உள்ள ஆளு இருக்கு!"

சின்னத்தாய் கயிற்றைத் தாண்டிவிட்டாள். பக்கத்தில் நின்ற பாண்டிலட்சுமி பிடிக்கப் பார்த்து, அவள் முந்தானையைத்தான் பிடித்தாள்; அதுவும் கிழிந்தது. "கட்! கட்!" என்று யாரோ அலறினார்கள். அந்தச் சொல்லெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. நெருப்புக்குள் புகுந்தாள். "சங்கிலிமுத்து! சங்கிலிமுத்து!" என்று கூவினாள். மறுகணம் அந்த மனிதரை இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தாள். வேப்பமரத்தடியில் கிடத்தி, அவர் கன்னத்தைத் தட்டினாள். அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

அவர் கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். கை கால் எல்லாம் வெடவெடவென்று ஆடியது. அது நடிப்பில்லை என்று ஹர்ஷினிக்குத் தெரிந்தது. சின்னத்தாயின் புறங்கையில் தீ பட்டுத் தோல் வழன்றிருந்தது.

பாண்டிலட்சுமிதான் சொன்னாள்: "அவ வீட்டுக்காரரு வெடியில போயிட்டாரு பாப்பா. பக்கத்தூரு கம்பெனில. உள்ள இருந்து கத்துனாரு, எங்களுக்கெல்லாம் கேட்டுச்சு. இவ பாஞ்சா. நாந்தான் இடுப்பச் சேத்துப் பிடிச்சுக்கிட்டேன். விட்ருந்தா இவளும் போயிருப்பா. அன்னையிலருந்து எங்கூட அவ முகங்கொடுத்துப் பேசல."

யார், என்ன என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் சின்னத்தாயை முன்வரிசையில் நிறுத்தியவளே ஹர்ஷினிதானே.

அதற்குள் கொரிய இயக்குநர் ஓடி வந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம். எல்லாமே பதிவாகியிருந்தது. இப்படி ஒரு காட்சியைக் காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது, கதையையே மாற்றிவிடலாம் என்றார். மா கி-தோக் எழுந்து உட்கார்ந்தார்.

"அதைப் படத்தில் வைத்தால் நான் இல்லை" என்றார். "இப்போதே ஊருக்குப் போகிறேன். வழக்குப் போட்டால் போடுங்கள்."

"உங்கள் வாழ்க்கையிலேயே சிறந்த நடிப்பு இது!"

"முப்பது வருடம் மேடையில் செத்தேன். காப்பாற்ற ஒருத்தரும் எழுந்து வரவில்லை. அதை நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்." ஹர்ஷினியிடம் திரும்பி, "படத்தில் வைக்கலாமா என்று அந்த அம்மாவிடம் கேள்" என்றார்.

கைக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த சின்னத்தாயிடம் ஹர்ஷினி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தாள். சின்னத்தாய், "நா பாக்கணும்" என்றாள்.

சின்னத் திரையில் ஓட விட்டார்கள். தான் கயிற்றைத் தாண்டுவதை, புகைக்குள் மறைவதை, ஒரு ஆளை இழுத்துக்கொண்டு வெளியே வருவதை அவள் இமைக்காமல் பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டு, "இங்கன வந்து பாரு" என்றாள். பாண்டிலட்சுமி வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருந்துட்டுப் போகட்டும் பாப்பா" என்றாள் சின்னத்தாய். "ஆனா அவுக பேரு கேக்குதுல்ல, அத மட்டும் எடுத்துரச் சொல்லுங்க. கட்டுன நாள்ல இருந்து அவுக பேர நா வாய்விட்டுச் சொன்னதில்ல. ஊரு உலகமெல்லாம் கேக்க வேணாம்."

ஹர்ஷினி மொழிபெயர்த்தாள். மா கி-தோக் மண்ணில் முழங்கால் போட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார். சின்னத்தாய் பதறிப்போனாள். "அய்யய்யோ, பெரிய மனுசன் இதெல்லாம் செய்யலாமா, எந்திரிக்கச் சொல்லுங்க!"

பெயரை அழித்துவிட்டுத்தான் படம் வெளிவந்தது. கொரியாவில் அந்தக் காட்சியைப் பேசாத வாயில்லை. மா கி-தோக்குக்குப் பெரிய விருது ஒன்றை அறிவித்தார்கள். அவர் மேடையேறி, இதில் நான் நடிக்கவில்லை, என்னைக் காப்பாற்றினார்கள், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, இனி சாகிற வேடம் எதிலும் நடிக்க மாட்டேன் என்றும் அறிவித்தார். அரங்கமே திகைத்தது. அந்த வயதில் இருக்கிறவர்களுக்கு எழுதப்படும் வேடங்களில் பாதி சாவதற்குத்தான். அழைப்புகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் பூசானுக்கே திரும்பி, பழைய சின்ன அரங்கில் மளிகைக்கடைக்காரராக நடிக்கிறாராம். நாடகம் முடியும்போது கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவாராம்.

சாத்தூருக்குப் போனபோது ஹர்ஷினி இதையெல்லாம் சின்னத்தாயிடம் சொன்னாள். அவளும் பாண்டிலட்சுமியும் வேலை முடிந்து கம்பெனி வேனுக்காகச் சேர்ந்து நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்புட்டுப் பெரிய வாய்ப்ப விட்டுட்டாகளா?" என்றாள் பாண்டிலட்சுமி.

சின்னத்தாய் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"விட்டா விட்டுட்டுப் போறாக. அவுக வீட்டம்மா எத்தன தடவதான் அதப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாக?"

ஹர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய ஒவ்வொரு சாவையும் அவள் எத்தனையோ தடவை ரசித்துப் பார்த்திருக்கிறாள். வீட்டில் ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது ஒரு நாளும் தோன்றியதில்லை. வேன் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டு அவளுக்குக் கைகாட்டினார்கள்.