விரிப்பின் மறுமுனை

பெரியவர் யாரையும் நம்பமாட்டார். கடைக்காரன் தராசை நம்பமாட்டார், டாக்டர் ஊசியை நம்பமாட்டார், பூட்டிய பூட்டை நாலு இழுப்பு இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்கமாட்டார். "இந்த மனுஷன் செத்தாலும் மூச்சு நின்னுச்சான்னு தானே மூக்குல விரல் வெச்சுப் பார்த்துக்குவார்" என்பாள், உயிரோடிருந்த காலத்தில் அவர் பெண்டாட்டி.

அப்பேர்ப்பட்டவர் இந்தப் பெருநகரத்துக்கு வந்தது, காலை உடைத்துக்கொண்ட மகளுக்கு ஒரு மாதம் ஒத்தாசையாக இருந்துவிட்டுப் போகத்தான். கால் கூடி, மகள் வேலைக்கு ஓடத் தொடங்கி வெகுநாளாயிற்று. பெரியவர் மட்டும் கிளம்பவில்லை. அழைத்துப்போக மூத்த மகன் வந்து நின்றான்.

"அங்க என்னப்பா குறை உங்களுக்கு? நேரத்துக்குச் சோறு. ஜன்னலோரமா நாற்காலி."

"அந்த நாற்காலியை நீயே வெச்சுக்கடா. உனக்கும் வயசாகுதில்ல?"

மகள் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். அண்ணன் முறைத்தான்.

நகரம் முதல்நாளே அவரைப் பிடித்துக்கொண்டது. நடைபாதையில் எவனோ தோளில் இடித்துவிட்டு, புரியாத பாஷையில் திட்டினான். இவரும் தமிழில் வாய்க்கு வந்தபடி திருப்பிக் கொடுத்தார். பெரிய மனுஷன் என்று ஒதுங்கவுமில்லை, கிழவன் என்று இரங்கவுமில்லை அவன். சமமாக நின்று சண்டை போட்டுவிட்டு அவன் வழியே போனான். பெரியவருக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. மகன் வீட்டில் அவரோடு சண்டை போடுவதைக்கூட எல்லாரும் நிறுத்தி வருஷமாகிறது. எது சொன்னாலும் "சரிப்பா" என்பார்கள். அதைவிட ஒரு மனுஷனை உயிரோடு புதைக்க வேறு வழி வேண்டுமா?

லிஃப்டை அவர் நம்பவில்லை. கயிற்றில் தொங்கும் பெட்டிக்குள் புத்தியுள்ளவன் போவானா? படியேறியே போவார். அதனால் எந்த மாடியில் எந்த பாஷையில் சண்டை நடக்கிறது, எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன வேகிறது, எவன் குளிக்கும்போது பாடுகிறான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. யாரும் அவரை, நீ யார் மகன், எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. இறங்கினால் தெரு, ஏறினால் தெருவுக்கு மேல் இன்னொரு தெரு. விட்டுப் போக அவருக்கு மனமில்லை.

பக்கத்துத் தெரு சலவைக்கூடத்தில் ஆள் கேட்கிறார்கள் என்றதும் போய் நின்று வேலையையும் வாங்கிவிட்டார். மகனுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஊரான் படுத்த துணியை மடிக்கிறதா? நாலு பேர் கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"அந்த நாலு பேரையும் நான் பொறந்ததிலிருந்து தேடுறேன்டா. கண்ணுல பட்டா இங்க அனுப்பு, வேலை வாங்கித் தரேன்." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இன்னைக்கு வரைக்கும்தான் அங்க என்னைச் சோதிச்சுப் பார்க்கத் தவணை. வேலை நிலைச்சா நான் இங்கதான். போச்சுன்னா வாயைப் பொத்திக்கிட்டு உன்கூட ரயில் ஏறுறேன்."

மகன் சரியென்றான். நிலைக்காது என்று அவனுக்குத் தெரியும். தங்கையே சொல்லியிருந்தாள்.

சங்கதி இதுதான். துணியைத் தேய்த்துத் தள்ளும் சுடும் உருளையிலிருந்து படுக்கை விரிப்புகள் நிற்காமல் வரும். ஒருவர் இந்த முனை, ஒருவர் அந்த முனை. உதறி, நீளவாக்கில் ஓரங்களை ஒன்றாக்கி, ஒரு இழுப்பு. உடனே உருளைப் பக்கம் நிற்பவர் தன் முனையை எதிராளியிடம் வீசிவிட்டு, அடுத்த விரிப்புக்குத் திரும்பிவிட வேண்டும். எதிராளி காற்றிலேயே பிடித்து மடித்து அடுக்குவார். எல்லா ஜோடிகளும் அப்படித்தான். பெரியவர் மட்டும் வீசமாட்டார். பிடிக்காமல் விட்டுவிட்டால்? நடந்து போய், எதிராளி கையில் முனையை வைத்து, விரலை மூடிவிட்டு வருவார். அதற்குள் அடுத்த விரிப்பு தரையில் கிடக்கும்.

எதிராளி நெடுநெடுவென்று வளர்ந்த பெண்பிள்ளை. தேக்கு என்று அவளுக்குப் பேர் வைத்திருந்தார். அவள் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவளுக்குத் தெரியாது. ஆனாலும் காலையிலிருந்து மாலைவரை ஓயாத சண்டை.

"கையில ஓட்டையை வெச்சுக்கிட்டு வீசச் சொல்றியே, தேக்கு! யார்கிட்ட?"

அவளும் விரலை நீட்டி ஏதோ நீளமாகச் சொல்வாள். கிழட்டுக் கழுதை என்பதாகத்தான் இருக்கும் என்பது அவர் தீர்மானம்.

அன்று மதியம் மேற்பார்வைக்காரி, அவளும் தமிழ்தான், மேஜையருகில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "பெரியவரே, கோவிச்சுக்காதீங்க. ஒரு விரிப்பு தரையில விழலாம். தினமும் விழுந்தா நான் என்ன பண்றது?"

"வேகத்தைப் பிடிச்சிடுவேன்மா."

"இன்னைக்குப் பார்க்கிறேன்."

பார்த்தாள். பெரியவர் ஓட்டமாக ஓடினார். ஓடிப்போய்க் கையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. அப்படியும் ஒரு விரிப்பு தரையில் சரிந்தது. மேற்பார்வைக்காரி உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மகன் நின்றான். கையில் பெரியவரின் பை. மகள் வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அள்ளித் திணித்துக்கொண்டு வந்திருந்தான்.

"போதும்ப்பா இந்தக் கூத்து. மூச்சிரைக்குது பாருங்க. ரயிலுக்கு நேரமாச்சு. பை என்கிட்ட இருக்கு, வாங்க" என்று திரும்பி நடந்தான்.

பெரியவரின் பையை இன்னொருவன் தூக்கி அவர் ஆயுளில் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றே மாமனார் வாங்கப் போய், கையை உதறிவிட்டவர்.

"டேய்! என் பையை வைடா கீழே!"

கையில் விரிப்பின் முனை. நடந்து போய்க் கொடுத்துவிட்டு வரலாமென்றால், மகன் தெருவிலேயே இறங்கிவிடுவான். பெரியவர் வீசினார். எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பாய்ந்து போய்ப் பையைப் பறித்தார்.

"உன்னைக் கூப்பிட்டேனா? தூக்கச் சொன்னேனா? எனக்குக் கை இல்லையா?"

மகன் அவர் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தபடி நின்றான். பெரியவரும் திரும்பினார். தேக்கு விரிப்பை மடித்து அடுக்கின்மேல் வைத்து, ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு உருளையைக் காட்டிக் கத்தினாள். அடுத்தது வந்துகொண்டிருந்தது.

பெரியவர் பையை மேஜைமேல் போட்டுவிட்டு முனையைப் பிடித்தார். உதறினார், இழுத்தார், வீசினார். அடுத்ததையும் வீசினார்.

மேற்பார்வைக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியவரே, பையை மேஜையிலிருந்து எடுத்துக் கீழே வைங்க. நாளைக்கு வரும்போது இதெல்லாம் கொண்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"கேட்டுச்சாடா?" என்றார் பெரியவர், கையை நிறுத்தாமல். "நாளைக்காம். நீ கிளம்பு. வழியில எவனையும் நம்பாதே."

"உங்களைத்தான் நம்பி வந்தேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே மகன் போனான்.

பெரியவர் அடுத்த முனையை வீசிவிட்டு, பிடித்தாளா என்று திரும்பிப் பார்த்தார். பிடித்திருந்தாள். அதற்கடுத்ததையும் திரும்பிப் பார்த்தார். தேக்கு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

"நீதான்டி கழுதை" என்றார் பெரியவர், சந்தோஷமாக.